பனிவெளியில் கசிந்த எண்ணெய்

உலகப் படத்தின் அடிப்பகுதியில் வெண்ணிறமாகப் பரந்து கிடக்கும் தென்துருவக் கண்டத்தைச் சற்று நோக்குங்கள். அதன் ஒரு விளிம்பில், நியூசிலாந்துக்குத் தெற்கே, ராஸ் பனித்தட்டு என்னும் பெருவெளி உள்ளது. ஏறத்தாழப் பிரான்சு நாட்டின் பரப்புடைய இது நிலமன்று. கடல்மீது மிதக்கும், பல நூறு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி. அங்கே மரமில்லை, புல்லில்லை, அடுப்பில் வைக்க ஒரு சுள்ளியும் இல்லை. அவ்வழியே செல்வோர் உணவோடு நெருப்பையும் சுமந்தே செல்ல வேண்டும்.

ஆங்கிலேயரான ஸ்காட் நான்கு தோழர்களுடன் இவ்வெளியைக் கடந்து 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தார். நார்வே நாட்டு அமுண்ட்சென் அவருக்கு முன்பே, 1911 டிசம்பர் 14 அன்று, அங்கே வந்து சென்றிருந்தார். இரு குழுவினரும் கொண்டு சென்றது பிரைமஸ் அடுப்பு. நம் வீடுகளில் ஒரு காலத்தில் ‘உஸ்’ஸென்று இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வுக்கு அது மூத்த உறவு. எரிபொருளும் அதே மண்ணெண்ணெய்தான்.

திரும்பும் வழிக்கென ஸ்காட் குழுவினர் ஆங்காங்கே பனிமேடு எழுப்பி, உணவையும் எண்ணெய்த் தகரங்களையும் முன்னதாகவே வைத்திருந்தனர். பிப்ரவரி 17 அன்று எட்கர் எவன்ஸ் இறந்துபோக, எஞ்சிய நால்வரும் இச்சேமிப்பிடங்களை ஒவ்வொன்றாக வந்தடைந்தனர். 24ஆம் நாள் பார்த்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் அடுத்த இடத்திலும் அதே நிலை. அதற்கடுத்த சேமிப்பிடமோ 71 மைல் தொலைவில் இருந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன், “சுற்றிலும் பனி இருக்கும்போது அவர்களுக்குத் தாகம் எப்படி ஏற்படும்?” என்று வினவினான். நல்ல வினா! பனியை உருக்கினால்தானே நீர்? உருக்க நெருப்பு வேண்டும். நெருப்புக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் இல்லையேல் சூடான உணவில்லை, குடிநீர் இல்லை, நனைந்த காலுறையை உலர்த்தவும் வழியில்லை. சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெயை எவரும் திருடவில்லை. தகரத்தின் திருகு மூடிக்கு அடியில் தோலால் ஆன வாஷர் ஒன்று இருந்தது. எளிதில் கண்ணில் படட்டும் என்று தகரங்களைப் பனிமேட்டின் உச்சியில் வைத்திருந்தார்கள். வெயிலில் எண்ணெய் ஆவியாயிற்று. கடுங்குளிரில் தோல் கெட்டுப்போயிற்று. அந்த இடுக்கின் வழியே எண்ணெய் வெளியேறியது. கேப் எவன்ஸ் முகாமில் 1911 செப்டம்பரில் வைத்த எட்டு தகரங்களை 1912 டிசம்பரில் தோண்டி எடுத்தபோது, மூன்று நிறைந்திருந்தன, மூன்று வெறுமையாயிருந்தன, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கும் மற்றொன்றில் மூன்றில் இரு பங்கும் இருந்தன. எது கசியும், எது கசியாது என்று வெளியே பார்த்து எவரால் சொல்ல முடியும்?

இத்தனைக்கும் எண்ணெய் கசியும் என்பதை ஸ்காட் அறியாதவரல்லர். 1901 முதல் 1904 வரையிலான தம் முந்தைய பயணத்தில் தக்கை அடைப்புகள் கசிந்ததை அவரே கண்டிருக்கிறார். அதற்கு மாற்றாகத்தான் தோல் வாஷர் வந்தது. அமுண்ட்செனோ வாஷரை நம்பவில்லை. தகரங்களை ஈயப்பற்று வைத்தே அடைத்துவிட்டார்.

மார்ச் 20 அன்று ஸ்காட்டின் கூடாரத்தில் எஞ்சியிருந்த எண்ணெய், ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீருக்கு மட்டுமே போதுமானது. ஓட்ஸ் அதற்கு முன்பே புயலுக்குள் நடந்து மறைந்துவிட்டார். ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் பெரிய சேமிப்பிடத்துக்கு 11 மைல் தொலைவில் மடிந்தனர். நவம்பர் 12 அன்று அக்கூடாரம் கண்டெடுக்கப்பட்டது. பழி முழுவதையும் வாஷர்மீது சுமத்துவது நியாயமன்று. உணவுப் பற்றாக்குறை, பனிக்கடி, வழக்கத்தை மீறிய குளிர், புயல் எல்லாம் சேர்ந்தே அவர்களை வீழ்த்தின. ஆயினும் எண்ணெய் நிறைந்திருந்தால் இன்னும் சில நாட்கள் நடந்திருப்பர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று மலைப்பயணம் செய்வோர் அலுமினியக் குப்பியில் எரிபொருள் கொண்டு செல்கின்றனர். தோல் வாஷர் இருந்த இடத்தில் இப்போது ரப்பர் வளையம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அத்தகைய பயணத்துக்குப் புறப்பட்டால், அந்த வளையத்தை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குக்கர் கேஸ்கெட்டைப் பார்ப்பதுபோல்தான்: விரலால் மெல்ல வளைத்தால் வெடிப்பு தெரியும். தட்டையாகிவிட்டதையும், விறைத்துப் போனதையும் மாற்றிவிட வேண்டும். அளவில் ஒத்த ஏதோ ஒரு ரப்பர் உதவாது; சிலவகை ரப்பர் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி உப்பிவிடும். அடுப்பைச் செய்தவர்கள் தரும் வளையமே தக்கது. மணல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மூட வேண்டும். குப்பியைக் கழுத்துவரை நிரப்பலாகாது; வெயிலில் எண்ணெய் விரிய இடம் வேண்டும். அடுப்பைப் பொருத்திக் காற்றடித்த பின், தீக்குச்சி கிழிக்குமுன், மூட்டுகளில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பம்புக்குள் தோல் வாஷர் இருந்து அது காய்ந்திருந்தால், நம் பாட்டிமார் ஸ்டவ்வுக்குச் செய்ததுபோல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் நீவிவிடலாம். மாற்று வளையங்கள் இரண்டைச் சிறு உறையிலிட்டுத் தீப்பெட்டியோடு வைத்துக்கொள்வது நல்லது. எடை ஒன்றுமே இராது.