பட்டிப்பூவின் கசப்பு

ஊரில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நின்ற பட்டிப்பூவை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. ஆடுகூட வாய் வைக்காத கசப்பு அதன் இலை. இந்தியாவில் நித்தியகல்யாணி என்பார்கள். இங்கே கோடை தொடங்க, கடை வாசல்களில் தட்டுத் தட்டாக விற்பனைக்கு வருகிறது.

சலரோகத்துக்கு இந்த இலையை அவித்துக் குடிக்கலாம் என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். யமேக்கா நாட்டவரும் அப்படித்தான் நம்பினார்கள். 1952 இல் அங்கிருந்து ஒரு நோயாளி, கிளார்க் நோபிள் என்ற ரொறன்ரோ டாக்டருக்கு 25 இலைகளை அனுப்பினார். (1921 இல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்ரிங்கிற்கு உதவியாளராக முதலில் சேர்வது யார் என்று பெஸ்ற்றுடன் நாணயம் சுண்டித் தோற்றவர் இவர் என்பார்கள்.) அவர் இலைகளை லண்டன், ஒன்ராறியோவில் ஆராய்ச்சி செய்த தம்பி றொபேட் நோபிளிடம் கொடுத்தார்.

இலைச்சாற்றை எலிகளுக்குப் பருக்கினார்கள், சீனி குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் விழுந்துபோனதே காரணம். அப்படியானால் வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோயை இது அடக்காதா? அந்தக் கேள்வியில்தான் எல்லாம் திரும்பியது. சார்ள்ஸ் பியர் என்ற விஞ்ஞானி இலையிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற அல்கலொயிட்டைப் பிரித்தெடுக்க, 1958 இல் அறிவித்தார்கள். அடுத்த வருடமே ரொறன்ரோ பிரின்ஸஸ் மார்கிரற் வைத்தியசாலையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதே செடியின் வின்கிறிஸ்ரின், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இன்றும் ஏற்றப்படுகிறது. கலம் இரண்டாகப் பிரிவதை இவை தடுக்கின்றன. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் இதற்கென்றே பயிரிடுகிறார்கள்.

இதை எழுதக் காரணம் ஸ்காபரோவில் எமக்குத் தெரிந்த ஒரு அம்மா. வயது 58. இன்சுலினுக்குக் காசு போகிறதே என்று, மகனுக்குச் சொல்லாமல் ஊசியைப் பாதியாக்கி, பல்கனிச் சாடியில் நின்ற பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்து வந்திருக்கிறார். ஒருநாள் தலைசுற்றி விழுந்தார். சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். "மருந்துச் செடிதானே தம்பி, என்ன செய்யப்போகுது?" என்று எங்களிடமே கேட்டார். மருந்துதான். ஆனால் வைத்தியசாலையில் அதை மில்லிகிராமில் அளந்து, இரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். அப்படியும் முடி கொட்டும், கைகால் விறைக்கும். கேத்திலில் அவிக்கும்போது அளவை யார் கண்டது?

அம்மா இப்போது ஊசியை முழுதாகப் போடுகிறார். காசுக் கவலையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓகிப் அட்டை டாக்குத்தருக்குத்தான் கட்டும், பாமசிக்குக் கட்டாது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறோம். 65 வயதானவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் மருந்துத் திட்டம் உண்டு. அந்த வயது வராதவர்களுக்கு, வருமானத்துக்கு மிஞ்சி மருந்துச் செலவு வந்தால் டிரில்லியம் திட்டம். விண்ணப்பப் படிவத்தைப் பாமசியிலேயே கேட்டு வாங்கலாம்.