வாடகைக்காரனுக்கு வாடகைக்காரன்

பிம்ப்ரிக்கு மாற்றலாகி வந்த புதுசுல, 2012ல நடந்த கதை. இன்னிக்கு ஒரு லோன் ஃபைலைப் பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு.

ஸ்டேஷன் பக்கம் பழைய கட்டடத்துல ரெண்டு ரூம். வாடகை 4,500, டெபாசிட் 20,000. வாடகைக்கு விட்டவர் நம்ம ஊர்க்காரர். முதல் நாளே சாம்பார் வந்துச்சு, மயங்கிட்டேன் :-) தினமும் அடுத்தவங்க டாக்குமெண்ட்டைத் துருவுற ஆள், சொந்த விஷயத்துல ஒரு ரசீது கூட கேக்கலை.

ஏழாவது மாசம் ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். அவர்தான் நிஜ ஓனர்! என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "போட்பாடேகரு"ன்னார். மராத்தியில 'போட்'னா வயிறு, 'பாடேகரு'ன்னா வாடகைக்காரன். நம்ம ஊர் உள்வாடகை.

தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஓடினேன். "1973 பிப்ரவரி 1க்கு முன்னாடியே குடி வந்தீங்களா?"ன்னு கேட்டார். நான் அப்போ பொறக்கவே இல்லை!

விஷயம் இதுதான். அந்தத் தேதிக்கு முன்னாடி உள்வாடகைக்கு வந்தவங்களுக்கு 1947ஆம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டத்துல பாதுகாப்பு கிடைச்சது. 2000 மார்ச் 31ல அமலுக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அவங்களைக் கைவிடலை. என்னை மாதிரி பின்னாடி வந்தவங்க கதை வேற. ஓனர் சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட்டா, அந்த ஒரு காரணமே வாடகைதாரரைக் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போடப் போதும். அவர் போனா கூடவே நாமும் போகணும்.

ஓனர் நல்ல மனுஷன், ஒரு மாசம் டைம் கொடுத்தார். டெபாசிட்ல 8,000தான் திரும்பி வந்தது. சாம்பார் நின்னு போச்சு.

இன்னிக்கு வந்த ஃபைல் ஒரு டிபன் கடைக்காரரோடது. கடை வாடகை ரசீது வேற யார் பேர்லயோ இருந்தது. "பதினாலு வருஷமா மாசம் தவறாம கொடுக்கறேன் சார்"ன்னார். யார்கிட்ட கொடுக்கறார்ங்கறதுதான் பிரச்சினைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. லோனை நிறுத்தி வச்சுட்டு, முதல்ல ஓனரைப் பார்த்து அவரோடவே நேரடியா ஒப்பந்தம் போடச் சொன்னேன். அதை எழுதிப் பதிவு பண்ண வேண்டியது இங்கே ஓனரோட பொறுப்பு. பதிவு இல்லைன்னா, மாத்தி நிரூபிக்கிற வரைக்கும் வாடகைதாரர் சொல்ற நிபந்தனைதான் எடுபடும். இதைச் சொன்னா ஓனரே பதிவு ஆபீசுக்கு வருவார்னேன். தலையாட்டிட்டுப் போனார். மனசு கேக்கலை, நாளைக்கு அந்தக் கடைக்கு ஒரு நடை போகணும்.

பி.கு: வங்கிகளுக்கு விட்ட இடத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. எங்க மேனேஜர்கிட்ட சொன்னேன், சிரிக்கலை :-)