அகராதிக்கு ஒரு குறுக்குவழி

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1,00,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூல் இந்நாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் காணக் கிடைக்கின்றது. ஆயினும், பழம்பாடல் பயிலும் மாணவன் ஓர் அருஞ்சொல்லுக்குப் பொருள் காண விழைந்து, முதலில் அத்தளத்தைத் தேடி, பின் அதன் தேடுபெட்டியை நாடி, அதன்பின் சொல்லை எழுதுவானாயின், பாட்டின் பொருட்டொடர்பு அதற்குள் அவன் உள்ளத்தினின்று நழுவிவிடும். இருமுறை இவ்வாறு நேரின், மூன்றாம் சொல்லை ஊகித்துக்கொண்டு மேற்செல்வான். பிழையான பொருள் மனத்தில் வேரூன்றுவது இவ்வாறே.

இக்குறையை நீக்கும் வழி மேசைக் கணினியிலேயே உண்டு. பயர்பாக்ஸ் என்னும் உலாவியைக் கொள்வோம். அகராதித் தளத்தில் யாதேனும் ஒரு சொல்லைத் தேடின், விடைப்பக்கத்தின் முகவரியில் அச்சொல்லும் இடம்பெறும். அப்பக்கத்தைப் புத்தகக்குறியாகச் சேமித்து, முகவரியில் அச்சொல் நின்ற இடத்தில் விழுக்காட்டுக் குறியையும், அதனையடுத்து 'எஸ்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தையும் இடுதல் வேண்டும். தமிழ்ச்சொல் சிலவேளை விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் விரவிய நீண்ட கோவையாகத் தோன்றும். மருள வேண்டுவதில்லை, அக்கோவை முழுவதையும் நீக்கிவிடலாம். பின்னர்த் திறவுச்சொல்லுக்குரிய கட்டத்தில் 'அக' என எழுதிச் சேமித்தல் போதும். இனி முகவரிப் பட்டையில் 'அக நுதல்' என எழுதி உள்ளிடு விசையை அழுத்தின், அகராதிப் பக்கமே வந்து நிற்கும்.

திறவுச்சொல்லைத் தமிழிலேயே அமைப்பது நன்று; ஆங்கில எழுத்தாயின் இடையில் விசைப்பலகையை மாற்ற நேரும். ஆனால் 'சொல்' என்பதனையே திறவுச்சொல்லாக வைத்தோர் இடர்ப்படுவர். 'சொல் இலக்கணம்' என்று பொதுவாகத் தேட எண்ணும்போதும் உலாவி அவர்களை அகராதிக்கே இட்டுச்செல்லும்.