கடலில்லாத ஊரின் ஆழ்கடல்

மாரிகுப்பம் ரயில் நிலையம். விடிய இன்னும் நேரமிருக்கிறது. தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா, காதை மூடிய குல்லாய் என்று ஆண்களும் பெண்களும் இருட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். பிளாட்பாரம் முழுக்கத் தமிழ்ப் பேச்சு. இவர்கள் சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு இதே ரயிலடியில் வந்து இறங்குவார்கள். கோலார் தங்கவயலின் ஒரு நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

இவர்களின் அப்பாக்களும் தாத்தாக்களும்கூட விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனவர்கள்தான். போன திசைதான் வேறு. அவர்கள் நேர் கீழே போனார்கள்.

நமக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய பெரியவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கடலைப் பார்த்திருக்கிறீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டதற்குச் சிரித்தார். "வேளாங்கண்ணிக்குப் போனப்போ பார்த்தேன் சார். ரொம்ப ஆழம்னு சொன்னாங்க. நாங்க பார்க்காத ஆழமா?"

பெருமைக்காகச் சொன்னதல்ல, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் மட்டத்துக்குச் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழமோ சுமார் 3.2 கிலோமீட்டர். உயரத்தைக் கழித்தாலும் சுரங்கத்தின் அடித்தளம் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. எந்த மீனவரின் தூண்டிலும் எட்டாத ஆழம். கடலே இல்லாத ஊரிலிருந்து தினமும் மூன்று ஷிஃப்டாக ஆட்கள் அங்கே போய்வந்தார்கள்.

போகும் விதமும் ஒரு கடற்பயணம் போலத்தான். சங்கு ஊதும். டோக்கன் வாங்க வேண்டும். இரும்புக் கூண்டுக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு 'கேஜ்' என்று பெயர். மணி அடித்ததும் வயிறு மேலே வர, கேஜ் கீழே பாயும். இவ்வளவு ஆழத்துக்கு ஒரே கயிற்றில் போய்விட முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, அடுத்ததில் ஏறி மறுபடியும் இறங்க வேண்டும். கடைசி மட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலேயிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பினாலும் ஆட்கள் கோவணமும் ஹெல்மெட்டுமாக வேர்வையில் குளித்தபடிதான் வேலை செய்தார்கள்.

இறங்குவது தனி ஆள் அல்ல, ஒரு கூட்டம். துளை போடுகிறவர், வெடி வைக்கிறவர், மரச்சட்டம் கொடுத்துக் கூரையைத் தாங்கவைக்கிறவர், கல்லை அள்ளித் தள்ளுகிறவர், இவர்களுக்கு ஒரு மேஸ்திரி. பாறை 'பேசும்' என்கிறார் பெரியவர். அந்தச் சத்தத்தைக் கேட்டு விலகத் தெரிந்த மூத்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், மற்றவர்கள் வீடு திரும்புவார்கள்.

இந்த இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் நினைவுக்கு வருகிறது. அந்த வட்டாரத்து மீனவர்கள் ஒரு படகுக்குப் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அங்கேயும் மேகத்தையும் நீரோட்டத்தையும் படிக்கத் தெரிந்த ஒருவரை நம்பித்தான் மற்றவர்களின் உயிர் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது அந்தக் கரையில் பெண்கள் நின்ற நிற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தங்கவயலின் பெண்கள் அதே நிற்பைத் தலைமுறை தலைமுறையாக ஷாஃப்ட் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

பெரும் பாரத்தில் அழுந்திய பாறை திடீரென்று வெடிப்பதை இங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து உருளும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம், எந்த லெவல், யாருடைய ஷிஃப்ட் என்பதுதான் முதல் கேள்வி. இந்த வெடிப்புகளைக் கண்காணித்து ஆராய்ந்த அனுபவம் சேர்ந்த இந்த ஊரில்தான் 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஊரின் சரித்திரம் சுருக்கமானது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவசாலிகளைக் கொண்டுவந்தது. உடலுழைப்புக்கு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். ஊர்ப் பண்ணையாரிடமிருந்து தப்பிக்க பாதாளமே மேல் என்று நினைத்தவர்கள். துரைமாருக்குப் பங்களா, கிளப். கூலிகளுக்கு மூங்கில் தட்டி வீடு. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். தலைநகர் மைசூரும் பெங்களூரும் எண்ணெய் விளக்கில் இருந்தபோதே தங்கவயலில் மின் விளக்கு எரிந்தது. எரிந்தது யாருக்காக என்பது வேறு விஷயம்.

விஞ்ஞானிகளும் இந்த ஆழத்தைத் தேடி வந்தார்கள். மேலேயிருந்து பொழியும் மற்ற அண்டக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும், எதையும் ஊடுருவும் நியூட்ரினோ மட்டும் தப்பி வரும் என்பது அவர்கள் கணக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் உள்ளிட்டோர் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளைப் பொருத்தினார்கள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பதிவானது 1965-ல். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே காலத்தில் பதிவானது.

ஆழம் கொடுத்த இன்னொன்று நுரையீரலில் தங்கியது. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் பற்றி 1940-களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

இங்கேதான் தூத்தூரும் தங்கவயலும் பிரிகின்றன. படகு கரை திரும்பியதும் டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். மீன் அதிகம் என்றால் பங்கும் அதிகம். உயிரைப் பணயம் வைத்தவனுக்குப் பிடித்ததில் பாத்தியதை உண்டு. தங்கவயலில் பங்கு கிடையாது, கூலிதான். மேலே வந்ததும் உடம்பைத் தடவிச் சோதனை. சுமார் 120 வருடங்களில் இந்தப் பூமி கொடுத்தது ஏறக்குறைய 800 டன் தங்கம். அதைத் தொட்டு எடுத்தவர்களின் வீடுகளில் பொட்டுத் தங்கம் இருந்தால், அது கடையில் காசு கொடுத்து வாங்கியது.

1956-ல் மைசூர் அரசும் 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. அதற்குள் நல்ல தாது தீர்ந்திருந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் மூன்று, நான்கு கிராமாகச் சுருங்கியிருந்தது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள்.

சுரங்கம் உயிரோடு இருக்க இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புகள் நின்றன. ஊற்றும் மழையும் லெவல் லெவலாக ஏறி நிரம்பின. நூறு வருடம் மனிதர்கள் நடந்த பாதைகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கடலில்லாத ஊருக்கடியில் ஒரு கடல் வந்துவிட்டது. அதற்குள் போய்வரத்தான் ஆளில்லை.

மேலே மிஞ்சியவை சயனைட் மேடுகள். தங்கம் பிரித்தபின் கொட்டிய கல்மாவு குன்று குன்றாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். 2018-ல் வெளியான 'கே.ஜி.எஃப்' திரைப்படம் ஊரின் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. படத்தில் வரும் கொத்தடிமைக் கூடாரமும் அடியாட்களும் எங்கள் கதையே இல்லை என்கிறார்கள் இங்குள்ளவர்கள். ஆனால் ரயிலில் ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி அந்தப் படத்தைப் பற்றித்தான்.

இப்போது மேடுகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகம். ஆழத்துக்குப் போகவே வேண்டியதில்லை. ஒரு கூட்டம் உயிரைக் கொடுத்து மேலே ஏற்றிய கல்லை இயந்திரங்கள் அள்ளினால் போதும்.

பெரியவரின் வீடு கம்பெனி காலத்து லைன் வீடு. தகரக் கூரை, இரண்டு அறை. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு, ஆனால் அவர் கையில் பத்திரமில்லை. வீட்டுக்குச் சொந்த உரிமை, பாக்கித் தொகை என்ற கோரிக்கைகள் சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் இந்த ஊரில் ஓயவில்லை.

மாலை ரயில் வரும் நேரம். பெங்களூர் போன பேரன் அதில் வர வேண்டும். வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே வெள்ளையாய் நிற்கும் மேட்டைப் பார்த்தபடி சொல்கிறார்: "நாங்க ஏத்தின கல்லு சார் அது. மேட்டை ஏக்கர் கணக்கா அளந்துட்டாங்க. இந்த வீட்டை அளக்க எப்போ வருவாங்க?"