டிரிப்ஸுக்கு முன்னால் ஒரு கரண்டி

ஆலங்குளம், ஜூலை 27

குற்றாலத்தில் சாரல் விழும் மாதம். ஈரத்தோடு ஈயும் பெருகும். உடைந்த குழாய் வழியே கழிவுநீர் குடிநீரில் கலக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் நம் ஊர்ப்பக்கம் உடனே கேட்பது டிரிப்ஸ். முதல் மருந்து வீட்டுச் சொம்பில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-குளுக்கோஸ் கரைசல் என்பதே என் துணிபு. குழந்தைகளுக்கு இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குபவை ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. காலராவுக்கும் ரத்தபேதிக்கும் அது வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பைவிட்டு வெளியேறும் நீரும் உப்பும்தான்.

ஜூலை 28

'குடித்ததெல்லாம் போய்விடுகிறதே, வாயால் கொடுத்து என்ன பயன்?' நியாயமான கேள்வி. வெறும் தண்ணீருக்கு அது பொருந்தும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால் குடல் இரண்டையும் சேர்த்தே உறிஞ்சும்; பின்னோடு தண்ணீரும் உள்ளே போகும். பேதியின்போதும் அந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்த மேற்கு வங்கத்துப் போங்கானில் காலரா பரவி, டிரிப்ஸ் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை உறவினர்களைக் கொண்டே குடிக்கவைத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

ஜூலை 29

இன்று ஓ.ஆர்.எஸ். நாள். 'பீடி சுற்றினால்தான் கூலி. கரண்டி கரண்டியாக ஊட்ட நேரமேது?' என்று ஒரு தாய் கேட்டால் தள்ளிவிட முடியாது. ஆனால் டிரிப்ஸ் ஏற்றப் போனாலும் அன்றைய கூலி போகத்தான் செய்யும். முதல் பேதியிலேயே தொடங்கினால் பலருக்கு அந்த அலைச்சலே வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசம். கையைச் சோப்பால் கழுவி, ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைக்கவேண்டும். ஒரு நாளைக்குமேல் வைக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக்கூடாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள். ரோட்டா சொட்டுமருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் உண்டு. 6, 10, 14-ஆம் வாரங்களில் தவறாமல் போடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டிரிப்ஸ் தேவைப்படக்கூடிய நேரம் அதுவே. குடிக்க முடிந்தால், போகும் வழியிலும் கரண்டியை நிறுத்தாதீர்கள்.