வெளியே பளபளப்பு, உள்ளே வெப்பம்



என்னுடைய புல்லட்டை உங்களில் அநேகர் அறிவீர்கள். அடையாறிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உங்கள் இல்லங்களுக்கு ஜெபிக்க வரும்போது, நான் வாசலை அடையும் முன்பே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய 350 சிசி வண்டி. 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் வண்டி என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். முன்பு வைத்திருந்தவர் அதில் குரோமியம் பூசிய வேறொரு சைலன்சரைப் பொருத்தியிருந்தார். அதன் அழகையும் முழக்கத்தையும் கண்டே வாங்கினேன்.

சில மாதங்களுக்கு முன்பு, எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் குழாய் முதலில் பொன்னிறமாகி, பின்னர் நீலமாயிற்று. பார்க்க அழகாயில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பாலிஷ் பசை வாங்கிவந்து தேய்த்தேன், நீலம் மறைந்தது. மறுவாரம் திரும்பி வந்தது. மறுபடியும் தேய்த்தேன். சனிக்கிழமை மாலைகளில் பிரசங்கத்தை ஆயத்தம் செய்து முடித்தபின், இது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

சீகன்பால்க் ஐயர் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாளாகிய ஜூலை 9 அன்று, நம் வாலிபர்களோடு அங்கே வண்டியில் போகத் திட்டமிட்டிருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய 280 கிலோமீட்டர் பயணம். அதற்காக வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பளபளப்பைப் பாராட்டவில்லை. குனிந்து குழாயைப் பார்த்து, “ஐயா, இங்க நீலமா வருதா?” என்று கேட்டார்.

“வரும். தேய்த்தால் போய்விடும்” என்றேன், சற்றுப் பெருமையாகவே.

அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. “சுத்தமாகத்தானே இருக்கிறது!” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சரியாக எரியும் எஞ்சினில் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருக்குமாம். இப்படி வெளுத்திருந்தால் உள்ளே வெப்பம் மிஞ்சுகிறது என்று பொருளாம். சைலன்சரை மாற்றியவர்கள் அதற்கேற்பக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றவில்லை. புகை எளிதாக வெளியேற, காற்று மிகுதியாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இவ்வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளைத் தழுவிச் செல்லும் காற்றே அதைக் குளிர்விக்க வேண்டும். திரு.வி.க. பாலத்து முனையிலும் உஸ்மான் சாலையிலும் நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்றும் இல்லை. அந்த வெப்பந்தான் குழாயில் நீலமாகத் தெரிந்திருக்கிறது.

“அது நமக்குத் தெரியணும்னு வர்ற அடையாளம் ஐயா. அதப் போயி தொடச்சிட்டீங்களே. இப்படியே தரங்கம்பாடிக்கு ஓட்டியிருந்தா, பாதி வழியில பிஸ்டன் பிடிச்சிருக்கும்” என்றார்.

பிரியமானவர்களே, அந்தப் பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டிற்கு நடந்தேன். நீங்கள் அறியாத ஒரு காரியத்தை இப்போது அறிக்கையிடுகிறேன். மயிலாப்பூரிலுள்ள எங்கள் தகப்பனாரின் வீட்டைக் குறித்து எழுந்த மனஸ்தாபத்தினால், நானும் என் மூத்த சகோதரரும் இரண்டு ஆண்டுகளாகப் பேசவில்லை. “அண்ணன் எப்படி இருக்கிறார்?” என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், “கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறார்” என்று புன்னகையோடு சொன்னேன். அதுவே என் பாலிஷ் பசை. ஆனால் உள்ளிருந்த வெப்பம் வேறிடத்தில் வெளிப்பட்டது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ஆலயத்தில் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் தம்பியை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். பிறகு, “களைப்பு, மன்னியுங்கள்” என்று அதையும் துடைத்துவிட்டேன்.

பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தம்செய்கிறவர்களையும், வெள்ளையடித்த கல்லறைகளையும் குறித்து ஆண்டவர் பேசியது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பரிசேயரைச் சுட்டிக்காட்டி நான் பலமுறை பிரசங்கித்த பகுதி அது. அன்று மாலை அந்த வெள்ளை என் சட்டைப்பையிலேயே இருந்தது.

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் விட்டுவிட்டு, முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் அவரே. மறுநாள் தியாகராய நகருக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்து வெகுநேரம் நின்றார். “உள்ள வா” என்றார். அண்ணி காபி கொண்டுவந்தார்கள். அப்பாவின் அடக்க ஆராதனை அன்று நான் பேசிய வார்த்தைகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக் காரியமும் தீரவில்லை.

விடைபெறும்போது வாசல்வரை வந்தார். பழைய மாதிரிச் சைலன்சர் பொருத்தி, அழகு குறைந்து நின்ற வண்டியைப் பார்த்தார். “சத்தத்தக் கொறச்சிட்டியா? நீ இந்தத் தெரு வழியாப் போறப்பல்லாம் எனக்குக் கேக்கும்” என்றார்.

உங்கள் வீடுகளில் ஜெபிக்கச் சென்ற நாள்களில், இரண்டு ஆண்டுகளாக, அவர் வாசலைக் கடந்து சென்றதை அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அன்பானவர்களே, நீங்கள் வாரந்தோறும் துடைத்து மறைக்கிற நீலம் எது? இந்த வாரம் அதைத் துடைக்காதிருங்கள். அது எங்கிருந்து வருகிறதென்று ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுகிற வாசலுக்குப் போங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் உள்ளத்தைத் திறந்து பாரும். நாங்கள் கடந்துபோன வாசல்களுக்குத் திரும்பிச் செல்லத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.