டேக் மட்டும் போட்ட பீம்

உங்க வீட்டுல இரும்புத் தூண், பீம் வச்சு ஏதாவது கட்டியிருக்கீங்களா? மாடி ஷெட்டோ, டேங்க் ஸ்டாண்டோ, எதுவா இருந்தாலும் சரி, ஒரு டார்ச் எடுத்துட்டுப் போய் பீம் தூணோட சேர்ற இடத்தைப் பாருங்க. முக்கியமா, சுவர் மறைக்கிற பக்கத்தை.

கணியம்பாடியில எங்க வீட்டுப் பின்பக்கம் பாட்டிக்காக ஒரு ரூம் கூட்டினோம். இரும்பு ஃப்ரேம், மேல ஷீட், ஒரு மூலையில 1000 லிட்டர் தண்ணி டேங்க். நிரம்பினா ஒரு டன். ஸ்கெட்ச் போட்டது நான்தான். ஸ்டீல் டிசைன் பேப்பர் முடிச்ச திமிர்! பீம் 150 மி.மீ. ஆழம், மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. வந்த இரும்பை எடை போட்டுப் பார்த்தோம், சரியா இருந்துச்சு. அதோட நிம்மதி ஆயிட்டேன்.

லைட் மாட்ட ஏணியில ஏறினப்பதான் பார்த்தேன். வெளிய தெரியிற பக்கம் வெல்டு முழுசா ஓடியிருக்கு. சுவர் பக்கம் நாலே நாலு டேக், ஒவ்வொண்ணும் 10 மி.மீ. இருக்கும். ஸ்லாக்கைத் தட்டாமலே மேல ரெட் ஆக்சைடு அடிச்சிருக்காங்க. சுத்தியால தட்டினேன், பொலபொலன்னு உதிர்ந்துச்சு. உள்ள நகம் போற அளவுக்கு இடைவெளி. கீழ பேஸ் பிளேட்ல நாலு ஓட்டை, ரெண்டு போல்ட்தான்.

ஐ.எஸ். 800 கோட்ல, வெல்டோட நீளம் அதன் அளவைப் போல 4 மடங்காவது இருக்கணும். 6 மி.மீ. வெல்டுன்னா 24 மி.மீ. அதுக்குக் குறைஞ்சதை முழு வெல்டா எடுத்துக்க முடியாது. இன்னொண்ணு: பட்டறையில போட்ட வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25, சைட்ல போட்டா 1.5. ஏணியில தொங்கிட்டு வெல்டு அடிக்கிறவரோட கஷ்டம் கோடுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா போடாத வெல்டை எந்தக் காரணியும் காப்பாத்தாது.

வெல்டர் அண்ணன்கிட்ட கேட்டேன். "இருவது வருசமா இப்டித்தான் போட்டுனு இருக்கேன். ஒண்ணு வுழுந்தது கிடையாது. நீ இன்னும் படிச்சினுதானேம்மா இருக்கே?" எனக்குப் பதில் வரல. அப்பாவும் தெரிஞ்சவராச்சேன்னு தயங்கினார்.

அப்பா ஷூ கம்பெனியில வேலை செய்றவர். கோடு, காரணின்னு நான் சொன்னது எதுவும் அவருக்கு ஏறல. ஏணியில ஏறிப் பார்த்தார். "பேஸ்டிங் பண்ணிட்டு ஸ்டிச்சிங் போடாம அனுப்பிட்டான்"னார். நான் அரை மணி நேரம் விளக்கினது இதைத்தான். பாக்கிப் பணத்தை நிறுத்திட்டார்.

அன்னைக்கு ராத்திரி கான்சாஸ் சிட்டி ஹோட்டல் கேஸைத் திரும்பப் படிச்சேன். 1981 ஜூலை 17. ரெண்டு நடைபாலங்களைத் தாங்க வேண்டிய ஒரே நீளக் கம்பியை, மாட்டுறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னு ரெண்டு கம்பியா மாத்தினாங்க. மேல் பாலத்தோட இணைப்புல சுமை ரெண்டு மடங்காச்சு. 114 பேர் செத்தாங்க. மாத்தணும்னு கேட்டது பட்டறைப் பக்கம்தான். லைசென்ஸ் போனது, அந்த வரைபடத்தை விட்டுக் கொடுத்த இன்ஜினியர்களுக்கு.

உடனே என் ஸ்கெட்சை எடுத்துப் பார்த்தேன். பீம் அளவு இருக்கு, தூண் அளவு இருக்கு. ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு புள்ளி. கிளாஸ்ல அப்படித்தான் போடுவோம், ஜாயிண்ட்னா ஒரு புள்ளி. எத்தனை மி.மீ. வெல்டு, எந்தெந்தப் பக்கம், எத்தனை போல்ட்... ஒரு வார்த்தை இல்ல.

இணைப்பை மட்டும் பெருசா வரைஞ்சு, நீளம் எல்லாம் எழுதி அவர்கிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இத மொதல்லியே குட்த்திருக்கலாமேம்மா"ன்னார்.

ஞாயித்துக்கிழமை வந்தார். டேங்கைக் காலி பண்ணி, பீமுக்கு முட்டு கொடுத்து, சுவர் பக்கம் செங்கல்லைக் கொஞ்சம் உடைச்சு முழுசா வெல்டு போட்டார். ஸ்லாக் தட்டிட்டு, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மீதி ரெண்டு போல்ட் இன்னும் போடல. பாட்டி ஹால்லதான் படுக்குறாங்க.